கட்டணம் இல்லை என்ற ஆலோசனை மையமும் என் மகளின் முதுநிலைப் படிப்பும்

பதினேழு ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் எடுக்கிறேன். முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு: பெறுபவரைப் பற்று செய், தருபவரை வரவு செய். ஒரு நடவடிக்கை புரியவில்லையா, பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று பார். சென்ற ஆண்டு என் மகளுக்கு முதுநிலைப் படிப்புத் தேடி ஊட்டியில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையத்துக்கு நான்கு முறை போய் வந்தோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய அந்தக் கேள்வியை மூன்றாவது முறை போனபோதுதான் கேட்டேன். இடையில் போன ஆறு வாரங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கு அந்த ஆறு வாரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மையத்தின் பெயரைப் போடவில்லை. கோயம்புத்தூரில் பிறகு விசாரித்த இரண்டு இடங்களிலும் இதே முறைதான் இருந்தது. ஓர் ஊரில் ஒரு மாடியில் உள்ளவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

எங்கள் ஊர் கோத்தகிரி. கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். மகள் கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் பொறியியல் படித்துவிட்டு, அங்கேயே ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டாக வேலை பார்க்கிறாள். எந்தக் கிடங்கில் எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது, எது எப்போது தீரும் என்று வாராவாரம் அறிக்கை தயாரிக்கும் வேலை. ஒரு தீபாவளி விடுமுறையில் அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள்: "அம்மா, அறிக்கை போட எனக்குத் தெரிகிறது. ஏன் இந்த எண் வருகிறது, இதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று மேலாளர் கேட்டால் வாயடைத்து நிற்கிறேன். அதைப் படிக்க வேண்டும்." இந்த ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்திருந்தால் எங்கள் தேடல் பாதியிலேயே முடிந்திருக்கும். பின்னால் அதற்கு வருகிறேன்.

ஜூன் மழையில் பஸ் ஏறினோம். தொட்டபெட்டா பக்கம் மூடுபனியில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. மையம் ஒரு வணிகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. சுத்தமான இடம். சுவரில் பல நாட்டுக் கொடிகள், விசா கிடைத்த பிள்ளைகளின் புகைப்படங்கள். ஆலோசகர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், நல்ல பணிவு. நனைந்து வந்த எங்களுக்கு முதலில் சூடாகத் தேநீர் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தார், கணினியில் ஏதோ தட்டினார். இருபதே நிமிடத்தில் ஆறு பல்கலைக்கழகங்களின் பெயர் அச்சாகி வந்தது. ஐந்து பிரிட்டனில், ஒன்று அயர்லாந்தில். பிசினஸ் அனலிட்டிக்ஸ், சப்ளை செயின் மேனேஜ்மென்ட், டேட்டா சயின்ஸ், ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்பம்) என்று பெயர்கள் எல்லாம் கவர்ச்சியாக இருந்தன. ஆலோசனைக்குக் கட்டணம் ஏதும் கிடையாது என்றார்.

அந்த இருபது நிமிடத்தில் அவர் என் மகளிடம் கேட்டவை மூன்று: மதிப்பெண் சதவீதம், ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதியாயிற்றா, எவ்வளவு செலவு செய்ய முடியும். என்ன வேலை செய்கிறாய், எதைக் கற்க விரும்புகிறாய் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் குறை வைக்க எனக்கு மனமில்லை. ஆவண வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு தீராத தொல்லை. மகளின் பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுவதுமாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. இதை நாங்கள் ஒருவரும் கவனித்ததில்லை. அந்தப் பெண் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். நோட்டரியிடம் எந்த வாசகத்தில் உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். பிரிட்டன் விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பும் என்பதையும் அவர்தான் சொன்னார். இந்த உதவிக்கு நான் பணமே கொடுத்திருப்பேன்.

இரண்டாவது முறை போனபோது நோக்கக் கடிதம் தயாராக இருந்தது. எஸ்.ஓ.பி. என்கிறார்களே, இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறேன் என்று மாணவர் தம் கையால் எழுத வேண்டிய கடிதம். இரண்டு பக்கம், நல்ல ஆங்கிலம். பஸ்ஸில் திரும்பி வரும்போது மகள் அதைப் படித்தவள், கட்டபெட்டு வந்ததும் தாளை என்னிடம் நீட்டி ஒரு வரியில் விரல் வைத்தாள். "எங்கள் குடும்ப ஜவுளித் தொழிலை நவீன முறையில் விரிவாக்குவதே என் கனவு." எங்கள் பரம்பரையில் யாரும் ஜவுளிக் கடை வைத்ததில்லை. வேறு ஏதோ ஒரு பிள்ளையின் கனவு, பெயர் மட்டும் மாறி எங்கள் கைக்கு வந்திருந்தது. அதே கடிதம் இன்னும் எத்தனை பேரின் விண்ணப்பத்தோடு போயிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஒப்புமை கண்டுபிடிக்கும் மென்பொருளில் விண்ணப்பக் கடிதங்களையும் போட்டுப் பார்ப்பது பிரிட்டனில் உண்டு. பிடிபட்டால் களங்கம் மையத்துக்கு வராது, பிள்ளைக்குத்தான் வரும்.

தொலைபேசியில் சொன்னதும் வருத்தம் தெரிவித்தார்கள், மறுநாளே திருத்தி அனுப்பினார்கள். ஆனால் என் மனத்தில் அதன்பின் நம்பிக்கை நிற்கவில்லை. மூன்றாவது முறை நான் தனியாகப் போனேன். பட்டியலை மேசையில் வைத்து, இதில் இல்லாத ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க உதவுவீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண் சற்றுத் தயங்கினார். "செய்யலாம் அம்மா, அதற்கு மட்டும் சேவைக் கட்டணம் உண்டு" என்றார்.

பட்டியலில் இருப்பதற்கு இலவசம், இல்லாததற்குக் கட்டணம். அப்படியானால் பட்டியலில் இருப்பதற்கு யார் கட்டுகிறார்கள்? நேராகவே கேட்டேன். அவரும் மறைக்கவில்லை. மாணவர் சேர்ந்ததும் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் மையத்துக்குக் கமிஷனாகத் தருகிறது. சட்டத்துக்கு விரோதமான செயல் ஒன்றுமில்லை, உலகெங்கும் நடக்கும் வணிகம்தான். பெற்றோருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. கட்டணம் அதிகமான படிப்பில் கமிஷனும் அதிகம். கமிஷன் தராத இடத்தின் பெயர் பட்டியலில் வரவே வராது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது. கட்டணம் இல்லாத இடத்தில் கமிஷன் எங்கிருந்து வரும்? நம் நாட்டு நிறுவனங்களின் பெயரும் அதனால்தான் அந்தத் தாளில் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து தாளின் மேல் சிவப்பு மையில் எழுதினேன்: "இது தேர்வுப் பட்டியல் அல்ல, விற்பனைப் பட்டியல்."

இனிப் படிப்பைத் தேர்ந்தெடுத்த விதம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அன்றிரவு கணவர் வேலை முடிந்து வந்தார். தொழிற்சாலையில் ஈரம் குறைய வாட்டத்துக்குப் போட்ட இலை பதத்துக்கு வந்துவிட்டதா என்று அவர் பார்க்கும் முறை ஒன்று உண்டு. ஒரு பிடி இலையை அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிடிப்பார். கையைத் திறந்ததும் உருண்டை அப்படியே நிற்க வேண்டும். உடனே விரிந்துவிட்டால் இன்னும் வாட வேண்டும்; இறுக்கும்போது மொடமொடவென்று ஒடிந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. இலை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று சாக்கின் மேல் எழுதியிருப்பதை அவர் அதற்குப் பிறகுதான் படிப்பார். பட்டியலைப் பார்த்தவர் கேட்டார்: "எல்லாம் சாக்கின் மேல் இருக்கும் பெயராகத்தான் இருக்கிறது. உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்?"

உண்மையில் நாங்கள் அதுவரை பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இணையதளத்தில் பாடத்தாள் பட்டியலைப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் அரைப் பக்க விளக்கமும், எப்படி மதிப்பிடுகிறார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் பட்டம் என்பது 180 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி. அதில் பெரும்பாலும் 60 ஆய்வேட்டுக்குப் போய்விடும். மீதி 120-க்குள்தான் பாடம் முழுவதும். அந்த 120 எதற்குச் செலவாகிறது என்பதே கேள்வி.

ஒரே பெயர் கொண்ட இரண்டு பிசினஸ் அனலிட்டிக்ஸ் படிப்புகளை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மகளிடம் பேனாவைக் கொடுத்து, ஏற்கெனவே தெரிந்ததை அடித்துவிடு என்றேன். முதல் படிப்பில் எட்டுத் தாள். பைத்தான் அடிப்படை, தரவுத்தளம், தரவைப் படமாகக் காட்டுவது, வணிக அறிக்கை எழுதுவது, திட்ட மேலாண்மை என்று அவள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். ஐந்து தாள் போய்விட்டது. மூன்று ஆண்டாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை, கடன் வாங்கிக் கட்டணம் கட்டி மறுபடியும் படிக்க வேண்டும். இரண்டாவது படிப்பில் புள்ளியியல் அனுமானம், உகப்பாக்கம் (இருப்பதில் மிகச் சிறந்த வழியைக் கணக்கிடும் ஆப்டிமைசேஷன்), நிகழ்தகவு மாதிரிகள், இருப்பு மேலாண்மைக் கோட்பாடு என்று இருந்தது. அவளால் ஒன்றைத்தான் அடிக்க முடிந்தது. மற்றவற்றின் விளக்கத்தைப் படித்துவிட்டு, "இதைத்தான் அம்மா மேலாளர் கேட்கிறார்" என்றாள். தீபாவளிக்குச் சொன்ன வாக்கியம் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மையத்தின் பட்டியலில் இருந்தது முதல் படிப்பு. இரண்டாவது இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த முதல் படிப்பு மோசமானது என்று சொல்ல மாட்டேன். பி.காம். முடித்து, கணினி நிரல் பக்கமே போகாத ஒரு பிள்ளைக்கு அது நல்ல வாசல். என் பழைய மாணவிகள் சிலருக்கு அதைத்தான் சொல்வேன். அதே பிள்ளையை இரண்டாவது படிப்பில் சேர்த்தால் முதல் மாதத்திலேயே திணறிப்போவாள். ஆகவே எது சிறந்த படிப்பு என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. இந்தப் பிள்ளைக்குத் தெரியாததை எது சொல்லிக்கொடுக்கிறது, அதைத் தாங்கும் அடித்தளம் அவளிடம் இருக்கிறதா என்று கேட்டால்தான் பதில் வரும்.

எம்.பி.ஏ.வா, சிறப்புத் துறை எம்.எஸ்சி.யா என்ற குழப்பமும் வந்தது. உறவினர்கள் எல்லோரும் எம்.பி.ஏ. என்றார்கள். அது பொதுமேலாண்மைப் படிப்பு. ஏற்கெனவே சில ஆண்டு வேலை பார்த்து, அடுத்து ஆட்களையும் பணத்தையும் நிர்வகிக்கப் போகிறவருக்கு உரியது. ஆம்பா என்ற அமைப்பு எம்.பி.ஏ.வுக்கு அங்கீகாரம் தரும்போது, சேரும் மாணவருக்குக் குறைந்தது மூன்றாண்டுப் பணி அனுபவம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. சிறப்புத் துறைப் பட்டம் ஒரே துறையில் ஆழமாக இறங்குவது. கல்லூரி முடித்த கையோடும் அதில் சேரலாம். அங்கீகாரம் என்றதும் இன்னொன்று: ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், ஆம்பா மூன்றும் இருந்தால் மும்முனை அங்கீகாரம் என்று கையேட்டில் பெரிதாகப் போடுவார்கள். மதிப்புள்ளதுதான். ஆனால் ஏ.ஏ.சி.எஸ்.பி.யும் ஈக்விஸும் வணிகப் பள்ளியைப் பார்த்துத் தருபவை. கணினித் துறை நடத்தும் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு அந்த முத்திரை ஒன்றும் சொல்லாது.

நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் முதுநிலை முடித்தவர் இரண்டு ஆண்டு தங்கி வேலை தேடலாம் என்று ஆலோசகர் சொன்னார். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவருக்கு அது 18 மாதமாகக் குறைகிறது என்பதை அவர் சொல்லவில்லை. இப்போது படிப்பில் சேரும் பிள்ளையைப் பாதிப்பது அதுதான். அமெரிக்காவில் படிப்புக்குப் பின் 12 மாதம் வேலை அனுமதி. படிப்பு ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதத் துறைப் பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். ஒரே பெயர் உள்ள படிப்பு ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டியலில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஆகவே பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், படிப்பின் துறை வகையைக் குறிக்கும் சி.ஐ.பி. எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்றாலும் விதிவிலக்கு உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து அதைவிடக் கூடுதலாகவே வாங்குகிறது. விசாவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோவாக அது பிள்ளையின் கைக்கே செலவுக்குத் திரும்பி வரும். 2022 நவம்பர் முதல் நம் நாட்டுப் பட்டங்களுக்கு, அவை உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். எல்லாவற்றையும்விட முக்கியம், இளநிலையில் கணிதமும் அந்தத் துறைப் பாடமும் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பணம் இருந்தால் மட்டும் கதவு திறக்காது. பொறியியலில் மகள் எழுதிய நான்கு கணிதத் தாள்கள் அங்கேதான் கைகொடுத்தன.

நம் நாட்டை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பெங்களூருவில் இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, மத்திய வணிக அமைச்சகம் 1993-ல் தொடங்கியது. வேளாண் வணிகமும் தோட்ட மேலாண்மையும் அங்கே முதுநிலைப் பட்டயமாகக் கற்பிக்கிறார்கள். குஜராத்தின் ஆனந்தில் வர்கீஸ் குரியன் 1979-ல் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, 2025 முதல் அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்தின் பகுதி. மலை இறங்கினால் கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், அங்கேயே வேளாண் வணிக எம்.பி.ஏ. தேயிலையிலேயே வாழ நினைக்கும் பிள்ளைக்கு இவற்றைவிட்டு வெளிநாடு எதற்கு என்பது என் கருத்து. குன்னூர் ஏலத்தில் வாராவாரம் நடப்பதை அங்கே பாடமாகப் படிக்கலாம். பட்டயம் என்ற சொல்லைக் கேட்டுப் பெற்றோர் பயப்படுகிறார்கள். பல்கலைக்கழகம் அல்லாத தன்னாட்சி நிறுவனங்கள் பட்டம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை, அதனால் பட்டயம் தருகின்றன. ஐ.ஐ.எம்.களே 2017-ல் நிறைவேறிய சட்டத்துக்கு முன்பு வரை பட்டயம்தான் கொடுத்தன.

கடைசியில் பணம். என் பாடம் என்பதால் இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். மையத்தில் கடன் ஏற்பாட்டையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மாதத் தவணை எவ்வளவு வரும் என்ற கேள்விக்கு, வேலை கிடைத்ததும் சுலபமாகக் கட்டிவிடலாம் என்பதே பதில். அதை நான் கரும்பலகையில் போட்டுப் பார்த்தேன். 20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுப் படிப்பு, அதன் பின் ஓராண்டு அவகாசம். இந்த இரண்டு ஆண்டும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகவே 4 லட்சம். ஆக, கட்டத் தொடங்கும்போது கடன் 24 லட்சம். பத்து ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் சுமார் 31,700 ரூபாய், மொத்தம் 38 லட்சம். பிள்ளை அங்கே வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால், இங்கே வாங்கும் சம்பளத்தில் இதைக் கட்ட வேண்டும். வட்டிக்கு எட்டு ஆண்டு வருமான வரி விலக்கு உண்டு என்று விளம்பரம் செய்கிறார்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது கிடையாது.

மலையில் இன்னொரு சிக்கல். பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்தை ஈடாகக் கேட்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தைக் காட்டினால், விவசாய நிலம் கல்விக் கடனுக்கு ஏற்பதில்லை என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். கூடலூர்ப் பக்கம் நிலைமை இன்னும் கடினம். 1969-ம் ஆண்டு ஜன்ம நிலச் சட்டத்தின் 17-ம் பிரிவு நிலங்களில் தலைமுறையாக உழைத்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஈடில்லாமல் தருகிறோம் என்று வரும் தனியார் கடனில் வட்டி கூடுதல். உள்நாட்டில் படிப்பதானால் 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் இடம் கிடைத்தால் ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன். ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். இந்தத் திட்டத்தைப் பற்றி அந்த மையத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது.

நான்காவது முறை போனது கோப்பைத் திரும்ப வாங்க. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் உதவித்தொகை உறுதி என்று அதற்கு முன் மூன்று நாள் தொடர்ந்து தொலைபேசி அழைப்பு. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு மகள் நேரடியாக மின்னஞ்சல் எழுதிக் கேட்டாள். உதவித்தொகைக்கு அப்படி ஒரு கெடுவே இல்லை என்று இரண்டு நாளில் பதில் வந்தது. கோப்பைக் கேட்டபோது முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. அந்தப் பெண் படிக்கட்டு வரை வந்து, "எங்கே சேர்ந்தாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அம்மா" என்றார். மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் அவரும் இருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மகள் உகப்பாக்கமும் வழங்கல் சங்கிலியும் சேர்ந்த இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில், ஜெர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறாள். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் அங்கே பகுதிநேர வேலைக்கும் பிறகு நிரந்தர வேலைக்கும் மொழி வேண்டும் என்பதால் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெர்மன் படிக்கிறாள். செலவு குறைவு என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று போட்டாலும் முதல் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்கே 12 லட்சம் எடுத்து வைத்திருக்கிறோம். இரண்டாம் ஆண்டில் ஒரு பகுதியை அவள் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய மாணவருக்கு அங்கே அனுமதி உண்டு. ஒரே ஆண்டில் முடிந்துவிடும் பிரிட்டன் படிப்பைவிட ஓராண்டுச் சம்பளம் கூடுதலாகப் போகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவு செய்தோம்.

மையத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், ஆவணப் பணிக்கும் விசா வழிகாட்டலுக்கும் ஐந்துக்கு நான்கு. படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்று, அதுவும் பணிவான பேச்சுக்காக. நோக்கக் கடிதத்துக்குச் சுழி. போகிறவர்கள் அசல் சான்றிதழை அங்கே விட்டு வராதீர்கள், நகல் போதும். பட்டியல் கைக்கு வந்ததும், இதில் இல்லாத இடத்துக்கு உதவுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடலூரிலிருந்து பழைய மாணவி ஒருத்தி அப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவளிடமும் ஒரு மையத்தின் பட்டியல் இருக்கிறதாம், ஃபின்டெக் என்கிறாள். ஒவ்வொரு படிப்பின் பாடத்தாள் பட்டியலையும் அச்செடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். இப்போது பார்க்கும் வேலையில் எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கிறாள் என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வரச் சொன்னேன். முதலில் அந்தத் தாளைத்தான் படிக்கப் போகிறோம்.